படம் அழகாக வரும், விடை சரியா? சிப்புக்குள் ஓடும் ஒளியை லேப்டாப்பில் கணக்கிடுவது எப்படி?

கோவை சத்தி ரோட்டில் கணபதியைத் தாண்டி சரவணம்பட்டி பக்கம் வந்தால், இருபுறமும் ஐடி பார்க்குகள், பொறியியல் கல்லூரிகள், பிஜி ஹாஸ்டல்கள். இந்தக் கட்டடங்களில் ஓடும் வீடியோ கால், கோடு, கிளவுட் எல்லாமே கடைசியில் ஒரு கண்ணாடி இழைக்குள் போகும் ஒளிதான்.

வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு கொடுக்க வருபவர் போகும்போது மறக்காமல் ஒன்று சொல்வார்: "வயரை மடிச்சுக் கட்டிராதீங்க, நெட் போயிருமுங்க." வயர் உடையாவிட்டாலும் மடித்தால் சிக்னல் குறையும். காரணம், கூர்மையான வளைவில் ஒளி இழையை விட்டு வெளியே கசிந்துவிடும்.

எவ்வளவு வளைத்தால் எவ்வளவு கசியும்? வயரை வளைக்காமலே இதைக் கணக்குப் போட்டுச் சொல்ல முடியும். இழைக்குப் பதில் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய சிலிக்கான் பாதை என்றால், முதலில் கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். செய்து பார்த்துத் திருத்தலாம் என்றால் அதற்கு மாதக்கணக்கில் நேரமும், லட்சக்கணக்கில் பணமும் போகும்.

அந்தக் கணக்குக்குத்தான் ஒளி சிமுலேஷன் என்று பெயர். ஏஐ டேட்டா சென்டர்களில் செம்புக் கம்பியின் இடத்தை ஒளி பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால் இந்தத் திறமைக்கான தேவையும் கூடுகிறது. இதைக் கற்க ஒரு லேப்டாப் இருந்தால் போதும். ஆனால் இதில் ஒரு பொறியும் இருக்கிறது.

ஒளிக்கு ஒரு வாய்க்கால்

ஒளியைக் குறிப்பிட்ட பாதையில் கூட்டிப் போகும் அமைப்புக்கு ஒளி அலைநடத்தி என்று பெயர். ஆங்கிலத்தில் வேவ்கைடு. வாய்க்காலுக்குக் கரை இருப்பதுபோல இதற்கும் ஒரு கரை உண்டு. நடுவில் ஒளிவிலகல் எண் அதிகமான பொருள், சுற்றிலும் அது குறைவான பொருள். பள்ளியில் படித்த முழு அக எதிரொளிப்பு காரணமாக ஒளி நடுவிலேயே தங்கிவிடும்.

இன்று பரவலாக இருக்கும் இரண்டு வகைகள்:

• ஒளியிழை: ஒற்றை மோட் இழையின் மையப்பகுதி சுமார் 8 முதல் 9 மைக்ரோமீட்டர் அகலம். உள்ளே, வெளியே இரண்டும் கண்ணாடிதான். ஒளிவிலகல் எண்ணில் வித்தியாசம் அரை சதவீதம்கூடக் கிடையாது.

• சிலிக்கான் பாதை: சிப்பின் மேல் சுமார் 500 நானோமீட்டர் அகலம், 220 நானோமீட்டர் உயரம். சிலிக்கானின் ஒளிவிலகல் எண் சுமார் 3.48. சுற்றியிருக்கும் சிலிக்கா கண்ணாடிக்கு 1.44. வித்தியாசம் பெரிது என்பதால் ஒளியைச் சில மைக்ரோமீட்டர் ஆரத்திலேயே வளைத்துத் திருப்பலாம்.

ஆனால் கரை என்பது சுவர் அல்ல. ஒளி ஓர் அலை என்பதால் அதன் ஓரம் கரையைத் தாண்டியும் கொஞ்சம் பரவியிருக்கும். நேரான பாதையில் அதனால் பிரச்சினை இல்லை. வளைவில்தான் சிக்கல். ஓட்டப் பந்தயத்தில் வெளி லேனில் ஓடுபவருக்கு வளைவில் தூரம் அதிகம். அதேபோல வெளிப்பக்கம் பரவிய ஒளி உள்ளே இருப்பதோடு சேர்ந்து போக வேண்டுமானால் வேகமாக ஓட வேண்டும். அந்தப் பொருளில் அவ்வளவு வேகம் முடியாது என்ற நிலை வந்ததும் அது பிரிந்து வெளியேறிவிடும். ஃபைபர்காரர் எச்சரிப்பது இதைத்தான்.

இந்தக் கசிவு பயன்படவும் செய்யும். இரண்டு சிலிக்கான் பாதைகளை 200 நானோமீட்டர் இடைவெளியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்றில் போகும் ஒளி கொஞ்சம் கொஞ்சமாக அடுத்ததற்கு முழுவதுமாக மாறிவிடும். பாதி தூரத்தில் நிறுத்தினால் ஒளி இரண்டாகப் பிரியும். சிப்புக்குள் ஒளியைப் பங்கு போடுவது பெரும்பாலும் இப்படித்தான். எவ்வளவு நீளம் வைக்க வேண்டும் என்பதைக் கணக்குதான் சொல்ல வேண்டும்.

ஃபார்முலா போதாதா?

மின்புலமும் காந்தப்புலமும் எப்படி நடந்துகொள்ளும் என்பதை மேக்ஸ்வெல் சமன்பாடுகள் 19-ம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டன. பிரச்சினை அவற்றுக்கு விடை காண்பதில். சாண்ட்விச் போல மூன்று தட்டையான அடுக்குகள் என்றால் பேப்பரில் போட்டுவிடலாம். உருளை வடிவ இழைக்கும் விடை உண்டு. ஆனால் செவ்வக வடிவப் பாதைக்கே முழுமையான ஃபார்முலா கிடையாது.

1969-ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் இருவர் இதை இரண்டு விதமாக அணுகினார்கள். என்ரிக் மார்க்கட்டிலி, மூலைகளில் இருக்கும் கொஞ்ச ஒளியைக் கணக்கில் விட்டுவிட்டுத் தோராயமான விடை கொடுத்தார். ஜே.இ.கோயெல் கம்ப்யூட்டரில் எண்களைப் போட்டு விடை கண்டார். அதிலிருந்து இந்தத் துறை கோயெலின் வழியில் வெகுதூரம் வந்துவிட்டது.

1966: ஒரே ஆண்டில் இரண்டு கட்டுரைகள்

1966-ல் இங்கிலாந்தில் சார்லஸ் காவ், ஜார்ஜ் ஹாக்கம் இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கண்ணாடியில் இருக்கும் அசுத்தத்தை நீக்கி, இழப்பை கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்குக் கொண்டுவந்தால், இழை வழியாகத் தொலைத்தொடர்பு சாத்தியம் என்றார்கள். 20 டெசிபல் என்றால் 1 கிலோமீட்டரில் 100-ல் 1 பங்கு ஒளிதான் மிஞ்சும். அன்று அதுவே பெரிய கனவு. 1970-ல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அந்த எல்லையைத் தாண்டியது. இன்றைய இழையில் கிலோமீட்டருக்கு சுமார் 0.2 டெசிபல்தான் இழப்பு. அதே 1 பங்கு மிஞ்சுவதற்கு 100 கிலோமீட்டர் போக வேண்டும். காவுக்கு 2009-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது.

அதே 1966-ல் கேன் யீ என்ற கணிதவியலாளர் இன்னொரு கட்டுரை எழுதினார். மேக்ஸ்வெல் சமன்பாடுகளைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கம்ப்யூட்டரில் நேரம் நேரமாக ஓட்டுவது எப்படி என்பதே அதன் சாரம். அன்றைய கம்ப்யூட்டர்களுக்கு அது தாங்காது என்பதால் பல ஆண்டுகள் அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. இன்று எஃப்டிடிடி என்ற பெயரில் உலகெங்கும் ஓடுவது அந்த முறைதான்.

சேலை பார்டரும் ஒளி அலையும்

சேலை பார்டரில் மாங்காய் டிசைன் போடுபவர்கள் முதலில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்புவார்கள். வளைந்த மாங்காய் அங்கே சின்னச் சின்னப் படிக்கட்டாக மாறும். கட்டம் சிறிதானால் வளைவு இயல்பாகத் தெரியும். ஆனால் நிரப்ப வேண்டிய கட்டங்கள் கூடும்.

எஃப்டிடிடியும் இப்படித்தான். சிப்பின் ஒரு பகுதியை நானோமீட்டர் அளவுக் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். இந்தக் கட்டம் சிலிக்கானா, கண்ணாடியா என்று ஒவ்வொன்றுக்கும் குறிக்க வேண்டும். பிறகு ஒரு பக்கத்தில் ஒளியை உள்ளே விட்டு, அடுத்த நொடியின் மிகச் சிறிய பகுதியில் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன ஆகும் என்று கணக்கிட வேண்டும்.

யீயின் சாமர்த்தியம், மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் ஒரே இடத்தில் வைக்காததுதான். இரண்டுக்கும் இடையே அரைக் கட்டம், அரை நேர அடி தள்ளி வைத்தார். பக்கத்தில் இருக்கும் மின்புலத்தை வைத்துக் காந்தப்புலம், அந்தக் காந்தப்புலத்தை வைத்து அடுத்த மின்புலம் என்று மாறி மாறிப் போகும். ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டங்களை மட்டும் பார்த்தால் போதும்.

பில் எவ்வளவு வரும்?

10 மைக்ரோமீட்டர் நீளம், 10 மைக்ரோமீட்டர் அகலம், 2 மைக்ரோமீட்டர் உயரம் கொண்ட ஒரு சின்னப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். தொலைத்தொடர்பில் வழக்கமான 1550 நானோமீட்டர் ஒளி, சிலிக்கானுக்குள் சுமார் 445 நானோமீட்டராகச் சுருங்கும். ஓர் அலைக்கு 20-க்கு மேல் கட்டங்கள் வேண்டும் என்றால் ஒரு கட்டம் 20 நானோமீட்டர்.

• மொத்தக் கட்டங்கள்: 500 × 500 × 100 = 2.5 கோடி.
• ஒரு கட்டத்துக்கு மின்புலம் 3, காந்தப்புலம் 3 என 6 எண்கள். ஒவ்வொன்றும் 8 பைட். மொத்தம் 1.2 ஜிபி.
• ஒரு நேர அடி அதிகபட்சம் சுமார் 0.038 ஃபெம்டோ நொடி. இதைத் தாண்டினால் எண்கள் கட்டுமீறிப் பெருகி, கணக்கே வெடித்துவிடும்.

1.2 ஜிபி என்பது சாதாரண லேப்டாப்புக்குப் பெரிய விஷயமில்லை. இப்போது கட்டத்தை 10 நானோமீட்டராகப் பாதியாக்கினால்? கட்டங்கள் 8 மடங்கு, அதாவது 20 கோடி. மெமரி 9.6 ஜிபி. நேர அடியும் பாதியாகும் என்பதால் வேலை மொத்தம் 16 மடங்கு. அரை மணி நேரத்தில் முடிந்த கணக்குக்கு 8 மணி நேரம்.

சரி, ஒரு மீட்டர் ஒளியிழையை இப்படிப் போட்டுப் பார்க்கலாமா? 30-க்கு 30 மைக்ரோமீட்டர் குறுக்குவெட்டு, 50 நானோமீட்டர் கட்டம் என்றால்கூட 7.2 லட்சம் கோடி கட்டங்கள். மெமரி மட்டும் சுமார் 345 டெராபைட். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் போகும் கேபிள் சுமார் 2,300 கிலோமீட்டர். இந்த முறையில் அதை நினைத்துப் பார்க்கவே முடியாது.

அப்போது என்ன செய்வார்கள்?

எல்லாவற்றையும் கணக்கிடுவதற்குப் பதில், தேவையானதை மட்டும் கணக்கிடுவார்கள். இரண்டு வழிகள் முக்கியமானவை.

முதலாவது, மோட் கணக்கு. பாதை நெடுகிலும் ஒரே மாதிரி இருந்தால், அதன் குறுக்குவெட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். எந்த வடிவத்தில் ஒளி இருந்தால் வடிவம் மாறாமல் போகும் என்று கண்டுபிடிப்பார்கள். அந்த வடிவம்தான் மோட். அதோடு ஓர் எண்ணும் கிடைக்கும். அதற்குச் செயலுறு ஒளிவிலகல் எண் என்று பெயர். ஒளியின் ஒரு பகுதி சிலிக்கானிலும் மறு பகுதி கண்ணாடியிலும் இருப்பதால் இது இரண்டுக்கும் நடுவில் வரும். மேலே சொன்ன 500-க்கு 220 பாதைக்கு சுமார் 2.44.

இரண்டாவது, பிபிஎம் எனப்படும் கற்றை பரவல் முறை. பஸ் எங்கே வந்திருக்கிறது என்று தெரிய, சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்று எண்ண வேண்டியதில்லை. அதுபோல ஒளியின் வேகமான அதிர்வை ஒதுக்கிவிட்டு, கற்றையின் வடிவம் மெதுவாக மாறுவதை மட்டும் அடி அடியாகப் பின்தொடர்வார்கள். நானோமீட்டர் கணக்கில் இல்லாமல் மைக்ரோமீட்டர் கணக்கில் அடி வைக்கலாம். 1 சென்டிமீட்டர் பாதை 10,000 அடிகளில் முடிந்துவிடும். 1978-ல் ஃபெயிட், ஃப்ளெக் இருவரும் ஒளியிழைக்கு இதைப் பயன்படுத்திக் காட்டினார்கள்.

இந்தியாவிலிருந்தும் பங்களிப்பு உண்டு. 1989-ல் ஐஐடி டெல்லியின் அனுராக் சர்மாவும் ஸ்வாகதா பானர்ஜியும் கொலோகேஷன் அடிப்படையில் ஒளி பரவலைக் கணக்கிடும் முறையை வெளியிட்டார்கள். இந்தத் துறையில் நுழையும் இந்திய மாணவர்கள் பலர் கையில் எடுக்கும் ஒளியிழைப் பாடநூலும் ஐஐடி டெல்லியின் அஜய் கட்டக், கே.தியாகராஜன் எழுதியதுதான்.

சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. எளிய பிபிஎம், ஒளி முன்னோக்கி மட்டுமே போகும் என்று எடுத்துக்கொள்கிறது. வழியில் ஏதாவது மோதித் திரும்பினால் அதன் கண்ணுக்குத் தெரியாது. கூர்மையான கோணத்தில் திரும்பினாலும் பிழை கூடும்.

பொறி எங்கே இருக்கிறது?

எல்லா முறைகளிலும் கடைசியில் சிவப்பு, நீலம், மஞ்சளில் ஓர் அழகான படம் வரும். கணக்கு தப்பாக இருந்தாலும் வரும். சாஃப்ட்வேர் எரர் காட்டாது. பிராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஒட்டினால் பார்ப்பவருக்கும் வித்தியாசம் தெரியாது.

தப்பு சின்னதாக இருந்தால் என்ன ஆகிவிடும்? செயலுறு ஒளிவிலகல் எண் 2.44 வர வேண்டிய இடத்தில், கட்டம் பெரிதாக இருந்ததால் 2.45 வந்தது என்று வைத்துக்கொள்வோம். பிழை அரை சதவீதம்கூட இல்லை. பரீட்சையில் முழு மார்க் கிடைக்கும். ஆனால் அதே பாதையை வளையமாக்கி, குறிப்பிட்ட அலைநீளத்தைப் பிரித்தெடுக்கும் ஃபில்டராகச் செய்தால், அது பிடிக்கும் அலைநீளம் சுமார் 3.7 நானோமீட்டர் நகர்ந்துவிடும். ஒரே இழையில் பல அலைநீளங்களில் டேட்டா அனுப்பும்போது, 100 ஜிகாஹெர்ட்ஸ் இடைவெளியில் ஒரு சேனலுக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் 0.8 நானோமீட்டர்தான். ஆக, ஃபில்டர் 4 சேனல் தள்ளிப் போய் வேறு யாருடைய டேட்டாவையோ பிடிக்கும். சிப் தயாராகிக் கைக்கு வரும்வரை இது தெரியாது.

அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் படத்தைப் பார்ப்பதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்கிறார்கள்.

1. கட்டத்தைப் பாதியாக்கினால் விடை மாறுகிறதா? மாறினால் முதல் விடை ஒளியுடையதல்ல, கட்டத்தினுடையது. விடை நிற்கும்வரை கட்டத்தைச் சிறிதாக்க வேண்டும். வளைந்த பாதையில் மாங்காய் டிசைனின் படிக்கட்டுப் பிரச்சினை வரும் என்பதால் இது இன்னும் முக்கியம்.

2. பெட்டியின் ஓரத்தில் என்ன நடக்கிறது? நிஜத்தில் வெளியே கசிந்த ஒளி போய்விடும். கம்ப்யூட்டரில் பெட்டி முடியும் இடத்தில் அது மோதி, தண்ணீர்த் தொட்டி அலைபோலத் திரும்பி வரும். இதைத் தடுக்க, ஓரத்தில் ஒளியை எதிரொளிக்காமல் விழுங்கும் ஒரு கற்பனை அடுக்கை வைப்பார்கள். 1994-ல் ழான் பியர் பெரெஞ்சே தந்த இந்த யோசனைக்கு பிஎம்எல் என்று பெயர். அதை வைக்க மறந்தாலோ, பாதைக்கு மிக அருகில் வைத்தாலோ விடை கெடும்.

3. வரவு செலவு ஒத்துப்போகிறதா? உள்ளே விட்டது 100 பங்கு. ஒரு வாசலில் 52, இன்னொன்றில் 51 வந்தால் மொத்தம் 103. இல்லாத ஒளி எங்கிருந்து வந்தது? எங்கோ தப்பு இருக்கிறது.

4. விடை தெரிந்த கணக்கில் சரியாக வருகிறதா? பேப்பரில் போடக்கூடிய மூன்றடுக்கு சாண்ட்விச்சை முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதில் தோற்கும் கோடு, புதிய டிசைனில் மட்டும் எப்படி ஜெயிக்கும்?

இவை எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு விஷயம் மிஞ்சும். சிப் தயாரிக்கும் ஆலையில் பாதையின் அகலம் 1 நானோமீட்டர் மாறினாலே, வளைய ஃபில்டர் பிடிக்கும் அலைநீளம் ஏறக்குறைய 1 நானோமீட்டர் நகரும். அதனால் ஒரே ஒரு அளவுக்கு மட்டும் கணக்குப் போட்டால் போதாது. அகலம் கொஞ்சம் கூடினால், குறைந்தால் என்று பல அளவுகளுக்கும் ஓட்டிப் பார்ப்பார்கள். மிச்சத்தைச் சரிசெய்யச் சிப்பிலேயே சின்ன ஹீட்டர் வைப்பதும் உண்டு. சூடேறினால் சிலிக்கானின் ஒளிவிலகல் எண் மாறும்.

சரவணம்பட்டிக்கு இதில் என்ன இருக்கிறது?

2025 மார்ச்சில் என்விடியா, சிலிக்கான் ஃபோட்டானிக்ஸ் கொண்ட நெட்வொர்க் ஸ்விட்ச்களை அறிவித்தது. ஏஐ சிப்களுக்கு இடையே டேட்டாவைக் கொண்டுபோகும் மின்செலவைக் குறைப்பதே நோக்கம்.

தமிழ்நாட்டில் ஐஐடி மெட்ராஸில், மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சக நிதியில் சிலிக்கான் ஃபோட்டானிக்ஸ் மையம் இயங்குகிறது. பேராசிரியர் பிஜோய் கிருஷ்ண தாஸ் தலைமையிலான இந்த மையம், ஒளிச் சிப்பை அடிப்படையாகக் கொண்ட குவாண்டம் ரேண்டம் எண் ஜெனரேட்டரை உருவாக்கியுள்ளது. 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் ரூ.500 கோடியில் 'தமிழ்நாடு செமிகண்டக்டர் இயக்கம் 2030' அறிவிக்கப்பட்டது. கோவை வட்டாரத்தில் சூலூர், பல்லடத்தில் தலா 100 ஏக்கரில் செமிகண்டக்டர் பூங்காக்கள் என்பதும் அந்த அறிவிப்பில் உண்டு.

பூங்கா வரும்போது வரட்டும். டிசைன் வேலைக்கு ஆலை பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. சத்தி ரோட்டில் உட்கார்ந்து போட்ட டிசைன் வெளிநாட்டு ஆலையில் சிப்பாகலாம். லூமெரிக்கல் போன்ற சாஃப்ட்வேர்களுக்கு லைசென்ஸ் செலவு அதிகம் என்றாலும், அமெரிக்காவின் எம்ஐடியில் உருவான மீப் என்ற எஃப்டிடிடி சாஃப்ட்வேர் இலவசம், ஓப்பன் சோர்ஸ். பைத்தானிலேயே ஓட்டலாம்.

இசிஇ, இயற்பியல் படித்தவர்களும், பைத்தான் தெரிந்த ஐடி ஊழியர்களும் இந்த வரிசையில் தொடங்கலாம்:

• மூன்றடுக்கு சாண்ட்விச்சுக்குப் பேப்பரில் விடை காணுங்கள். அதையே சொந்தமாக எழுதிய சின்ன பைத்தான் கோடில் ஓட்டி ஒப்பிடுங்கள்.
• மீப்பில் ஒரு நேரான பாதை, பிறகு ஒரு வளைவு. ஆரத்தைக் குறைத்துக்கொண்டே போய், எங்கே கசிவு தொடங்குகிறது என்று பாருங்கள்.
• இரண்டு பாதைகளைப் பக்கத்தில் வைத்து, ஒளியைச் சரிபாதியாகப் பிரிக்கும் நீளத்தைக் கண்டுபிடியுங்கள். இடைவெளியை 10 நானோமீட்டர் மாற்றி மீண்டும் ஓட்டுங்கள்.

ஒவ்வொரு கட்டத்திலும் கலர் படத்தோடு இன்னொரு கிராஃபையும் சேர்த்து வையுங்கள். கட்டத்தின் அளவு குறையக் குறைய விடை எங்கே போய் நிற்கிறது என்று காட்டும் கிராஃப் அது. டிசைன் வேலைக்கு இன்டர்வியூ எடுப்பவர், கலர் படத்தைவிட அந்தக் கிராஃபைத்தான் அதிக நேரம் பார்ப்பார்.